வசந்த ருதுசரியை: எது நிற்கும், எது நிற்காது

வசந்தகால உணவையும் உடற்பேணலையும் பற்றி ஆயுர்வேத மூலநூல்கள் சொல்பவை அளவில் மிகச் சிறியவை. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் 6-ஆம் அத்தியாயம், அஷ்டாங்க ஹிருதயத்தின் சூத்திரஸ்தானத்தில் 3-ஆம் அத்தியாயம், சுஸ்ருத சம்ஹிதையில் சூத்திரஸ்தானத்தின் 6-ஆம் அத்தியாயமும் உத்தர தந்திரத்தின் 64-ஆம் அத்தியாயமும் ஆகிய இடங்களில் பருவ ஒழுக்கம் முழுவதும் அடங்கிவிடுகிறது. அவற்றிலும் வசந்தத்துக்கு மட்டும் உரியவை சில சுலோகங்களே. இன்றைய வசந்தகாலச் சுத்திகரிப்பு நூல்களும், பஞ்சகர்ம முகாம்களும், காலைத் தேன்நீர் அறிவுரைகளும் நிற்பது இந்தச் சிறு அடித்தளத்தின் மேல்தான். அது எவ்வளவு தாங்கும் என்று அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

மரபின் மேலுள்ள பற்று அளவுகோல் ஆகாது. மரபு என்றாலே எழும் ஐயமும் ஆகாது. ஒரு மருத்துவ விதியிடம் நாம் கேட்க வேண்டியவை வேறு. தான் இடம்பெறும் நூலின் பிற கூற்றுகளோடு அது இயைகிறதா? அதற்கு அடிப்படையான அவதானிப்பு மெய்யானதா? பிறந்த நிலத்தையும் காலத்தையும் விட்டு வெளியே வந்தபின்னும் அது செல்லுபடியாகிறதா? முதல் கேள்விக்கு மூலநூல்கள் பெரும்பாலும் ஈடுகொடுக்கின்றன. இரண்டாவதற்குப் பாதி அளவே ஈடுகொடுக்கின்றன. மூன்றாவதில் வரும் தோல்விக்கு நூல்களைவிட அவற்றைக் கையாள்வோரே பொறுப்பு.

சரகரின் பலம் காரணகாரியத் தொடர்ச்சி. ஆண்டை அவர் ஆதானம், விசர்க்கம் என இரு பாதிகளாகப் பிரிக்கிறார். சூரியன் வடக்கே செல்லும் ஆதானத்தில் சிசிரம், வசந்தம், கிரீஷ்மம் அடங்கும். அப்போது உலகின் ஈரம் உறிஞ்சப்படுகிறது, உடல்வலு படிப்படியாகக் குறைகிறது. தெற்கே செல்லும் விசர்க்கத்தில் வர்ஷம், சரத், ஹேமந்தம் அடங்கும். அப்போது ஈரமும் வலுவும் மீள்கின்றன. குளிர்காலத்தில் சேர்ந்த கபம் வசந்த வெயிலில் இளகிச் செரிமானத் தீயை மந்தமாக்குகிறது, அதிலிருந்து நோய்கள் பல கிளைக்கின்றன என்பது அவர் வாதம். ஆகவே கனமான உணவு, நெய்ப்பு, புளிப்பு, இனிப்பு, பகலுறக்கம் ஆகியவற்றை விலக்கச் சொல்கிறார். வமனம் என்னும் வாந்திச் சிகிச்சை, உடற்பயிற்சி, உலர்பொடித் தேய்ப்பு, வாய் கொப்பளித்தல், வெதுவெதுப்பான நீர் ஆகியவற்றை விதிக்கிறார். கபக் கோட்பாட்டையே ஏற்காதவரும் இந்தக் கட்டமைப்பின் ஒழுங்கை மறுக்க இயலாது. எந்த விதியும் காரணம் இல்லாமல் அந்தரத்தில் தொங்கவில்லை.

ஆனால் இந்த ஒழுங்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. பார்லியும் கோதுமையும் உண்ணச் சொல்கிறார் சரகர். பார்லி உலர்ந்த தன்மையுடையது, கபத்தைக் குறைப்பது என்பதால் அது பொருந்துகிறது. கோதுமையோ இம்மரபின் கணக்கிலேயே கனமானது, குளிர்ச்சியானது, நெய்ப்பும் இனிப்பும் உடையது. வசந்தத்துக்கு விலக்கான குணங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு தானியத்தில் கூடியிருக்கின்றன. சரகரின் சுலோகம் இதற்குச் சமாதானம் சொல்லாமல் கடந்துவிடுகிறது. பின்வந்தவரும் அஷ்டாங்க ஹிருதயத்தின் ஆசிரியருமான வாக்படர் ‘பழைய’ என்ற ஒரே அடைமொழியைச் சேர்த்து முரணைத் தீர்க்கிறார். ஓராண்டு கடந்த தானியம் இலேசாகிவிடும் என்பது இம்மரபின் பொதுக்கொள்கை. சுருக்கத்தையும் துல்லியத்தையும் ஒருசேரக் காட்டும் இத்தகைய திருத்தங்களைப் பார்க்கும்போது, கேரளத்து மரபு வைத்தியக் குடும்பத்தினரான அஷ்டவைத்தியர்கள் ஏன் அஷ்டாங்க ஹிருதயத்தை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார்கள் என்பது விளங்கும்.

வாக்படரின் குறையும் அவருடைய வசந்த சுலோகங்களிலேயே வெளிப்படுகிறது. மருத்துவ விதியாகத் தொடங்கும் பகுதி பாதிவழியில் காவியமாக உருமாறுகிறது. நீராடியபின் கர்ப்பூரம், சந்தனம், அகில், குங்குமப்பூ பூசிக்கொள்ள வேண்டும். நண்பர்களோடு மது அருந்த வேண்டும். தென்றல் வீசும், குயில் கூவும், நீர் சூழ்ந்த சோலையில் நண்பகலைக் கழிக்க வேண்டும். மகிழ்ச்சியை ஆரோக்கியத்தின் உறுப்பாகக் கண்டது உயர்ந்த பார்வைதான், அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் யாருடைய மகிழ்ச்சி இது? வடஇந்தியச் சமவெளியில் ரபிப் பருவக் கோதுமையின் அறுவடை மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடக்கிறது. உழவருக்கு ஆண்டின் கடும் உழைப்பு அந்த வசந்தத்தில்தான். சோலையில் அமர்ந்திருப்பவருக்கு உடற்பயிற்சியை விதிக்கும் நூல், களத்து மேட்டில் நிற்பவருக்கு என்ன விதிப்பது என்று எண்ணிப்பார்க்கவே இல்லை. செல்வரின் வசந்தத்தை எல்லோருடைய வசந்தமாகவும் எழுதியது இந்நூலின் கட்டமைப்புக் குறை.

சுஸ்ருதரிடம் காவிய அழகும் இல்லை, சரகரின் வாத ஓட்டமும் இல்லை. பருவத்தின் கோட்பாட்டை நூலின் தொடக்கத்திலும் நடைமுறையை அதன் கடைசிப் பகுதியிலும் வைத்து வாசகரை அலையவிடுகிறார். ஆயினும் அவரிடம் இரண்டு அரிய தகுதிகள் உண்டு. வசந்த உணவில் அறுபதாம் நெல், பார்லி, பச்சைப்பயறு, வரகு ஆகியவற்றைச் சேர்த்து, பேய்ப்புடல், வேம்பு, கத்தரி என்று காய்கறிகளையும் குறிப்பிடுகிறார். செல்வர் வீட்டுக்கு வெளியிலும் கிடைக்கும் பொருள்கள் இவை. மற்றொரு தகுதி அதைவிடப் பெரியது. பருவங்களை எங்கிருந்து எண்ணுவது என்பதே சிக்கல் என்பதை வெளிப்படையாக எதிர்கொண்டு, ஆறு பருவங்களை இரு வகையாக வகுத்துக் காட்டுகிறார். அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

அவதானிப்பு மெய்யானதா என்று பார்ப்போம். வசந்தத்தில் நோய் கூடும் என்பது வெறும் கற்பனையன்று. இந்தியாவில் சின்னம்மை குளிர்கால முடிவிலும் வசந்தத்திலும்தான் மிகுதியாகத் தலைகாட்டுகிறது. ஒழிக்கப்படுவதற்கு முன் பெரியம்மையும் அப்பருவத்தில்தான் பரவியது. வங்காளிகள் அம்மைக்கு வசந்தம் என்றே பெயரிட்டனர். தில்லிக் காற்றில் மகரந்தம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஓர் உச்சத்தைத் தொடுகிறது. மூக்கொழுகலும் தும்மலும் இழுப்பும் அதைத் தொடர்கின்றன. நுண்ணோக்கியோ புள்ளிவிவரமோ இல்லாத காலத்தில் இவற்றைத் தொகுத்து, சளியும் மந்தமும் மிகும் பருவம் இது என்று ஒரே கூற்றாக வடித்தது பெரிய சாதனை.

விளக்கம் வேறு, அவதானிப்பு வேறு. குளிரில் கபம் சேர்கிறது, வெயிலில் இளகுகிறது என்பது கண்ணால் கண்ட இயற்கை நிகழ்விலிருந்து உடலுக்குள் நீட்டப்பட்ட ஒப்புமை. அதன் விளக்கும் திறனுக்கு எல்லை உண்டு. தில்லியில் மகரந்தத்தின் இரண்டாம் உச்சம் செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. அதே தும்மல், அதே மூக்கொழுகல். நூல்களின் கணக்கில் அது சரத் காலம், பித்தம் சீறும் காலம். கபக் கோட்பாட்டால் இந்த உச்சத்தை முன்னறிய முடிவதில்லை. ஒரு கோட்பாட்டின் வெற்றிகளை மட்டும் எண்ணித் தோல்விகளைக் கணக்கில் எடுக்காவிட்டால் அது ஆய்வாகாது. கபத்தை உடலில் உறையும், உருகும் பொருளாகக் கொள்வதைவிட, ஒருசேர வரும் அறிகுறிகளுக்கு இட்ட தொகுப்புப் பெயராகக் கொள்வதே இன்று நேர்மையான வாசிப்பு.

உணவு விதிகளின் நடுவண் கருத்து சுவை பற்றியது. ஆதானத்தின் மூன்று பருவங்களில் முறையே கசப்பு, துவர்ப்பு, கார்ப்பு ஆகிய சுவைகள் இயற்கையில் ஓங்குகின்றன என்பது கோட்பாடு. வசந்தத்தில் இம்மூன்றையும் மிகுத்து உண்ண வேண்டும் என்பது விதி. இவ்விதியோடு வாக்படர் இன்னொன்றையும் சொல்லி வைத்திருக்கிறார். எந்நாளும் ஆறு சுவைகளையும் பழகவேண்டும், அந்தந்தப் பருவத்துக்கு உரியவற்றைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. பருவ உணவு என்பது கூட்டல் குறைத்தல் சார்ந்தது, முழு விலக்குச் சார்ந்தது அன்று. இந்த ஒரு விதி பலருடைய கண்ணில் படாமலே போய்விட்டது. வசந்தம் என்றதும் வெல்லத்தையும் நெய்யையும் அடியோடு தள்ளச் சொல்லும் இன்றைய பட்டியல்கள் மூலநூலைக் காட்டிலும் கடுமையானவை. அந்தக் கடுமைக்கு மூலத்தில் ஆதாரம் இல்லை.

மக்கள் வழக்கு இந்த நுட்பத்தை நன்றாகவே உள்வாங்கியிருக்கிறது. வங்காள வீடுகளில் வசந்தகாலத்தில் வேப்பங்கொழுந்தையும் கத்தரிக்காயையும் வறுத்துச் சோற்றின் முதல் கவளத்தோடு உண்பார்கள். வேம்பும் கத்தரியும் சுஸ்ருதரின் பட்டியலில் அருகருகே நிற்பவை. ஆந்திரத்தில் யுகாதிப் பச்சடியில் வேப்பம்பூவோடு வெல்லம், புளி, மாங்காய், உப்பு, காரம் என்று எல்லாச் சுவையும் கூடுகின்றன. வசந்தத்துக்கு விலக்கான புளிப்பும் இனிப்பும் அதில் இருப்பதைப் பிழை என்று சொல்ல முடியாது. ஆறு சுவைகளையும் கைவிடாமல் கசப்பை முன்னிறுத்துவதுதான் வாக்படரின் விதி. பச்சடி அதைத்தான் செய்கிறது. நூலாசிரியரைச் சரியாகப் புரிந்துகொண்டது எந்த உரையைவிடவும் அந்தப் பச்சடிதான் என்றுகூடச் சொல்லலாம்.

தானியத்தில் நூல்களின் தேர்வு இன்றைய சோதனைக்கும் நிற்கிறது. பார்லியில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ப்பொருள் நாளொன்றுக்கு 3 கிராம் கிடைத்தால் இரத்தக் கொழுப்பு குறையும் என்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஏற்றிருக்கிறது. இதை வைத்து ‘ரிஷிகள் அன்றே அறிந்திருந்தனர்’ என்று எழுதுவது தவறு. அவர்கள் சொன்ன காரணம் உலர்தன்மையும் இலேசும். இன்று அறியப்பட்ட காரணம் வேறு, பயனும் வேறு. தேர்வு சரியானது என்பதால் காரணமும் சரியாகிவிடாது.

தேனைப் பற்றிய விதி இன்னும் சிக்கலானது. கபத்தைக் குறைக்கும் பொருள் என்று தேனை நூல்கள் போற்றுகின்றன, வசந்தத்தில் தேன்நீர் பருகவும் சொல்கின்றன. அதே நூல்கள் தேனைச் சூடாக்குவதையும் சூட்டோடு உண்பதையும் கடுமையாகத் தடுக்கின்றன. ஆயுர்வேதத்தின் பெயரால் காலைதோறும் கொதிநீரில் தேன் கலந்து குடிக்கச் சொல்பவர்கள் அந்த ஆயுர்வேதத்தையே மீறுகிறார்கள். சூடான தேன் நஞ்சாகும் என்ற கூற்றுக்கு வலுவான சான்று இல்லை என்பதும் உண்மை. ஆகவே இங்கே மரபை மேற்கோள் காட்டுவோர் மரபுக்கு மாறாக நிற்கிறார்கள், மரபு சான்றுக்கு அப்பால் நிற்கிறது. தேனில் பெரும்பகுதி சர்க்கரைதான், நீரிழிவு உள்ளவருக்கு அது மருந்தாகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. கொடிய நச்சுநோயை உண்டாக்கும் நுண்ணுயிர் வித்துகள் அதில் இருக்கக்கூடும்.

இறைச்சியையும் மதுவையும் பற்றிய மௌனம்தான் இன்றைய வசந்தகால நூல்கள் பலவற்றின் பெருங்குறை. முயல், மான், காடை, கௌதாரி ஆகியவற்றின் இறைச்சியைச் சரகர் வெளிப்படையாக விதிக்கிறார். வறண்ட நில விலங்கின் இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுட்டு உண்ணச் சொல்கிறார் வாக்படர். ஆசவம், அரிட்டம், திராட்சை மது ஆகியவையும் அவர் பட்டியலில் உண்டு. இன்றைய நூல்கள் இவற்றைச் சத்தமில்லாமல் உருவிவிட்டு, மிச்சத்தை முழு மரபு போலக் காட்டுகின்றன. மதுவை விலக்குவதற்கு நமக்கு நல்ல காரணம் இருக்கிறது. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. அதைச் சொல்லியே விலக்கலாம். மான் வேட்டை இன்று சட்டப்படி குற்றம், அதையும் சொல்லலாம். மரக்கறி உணவு ஒருவரின் கொள்கை என்றால் அதையும் கொள்கையாகவே முன்வைக்கலாம். மூலத்தோடு வேறுபடும் உரிமை எவருக்கும் உண்டு. மூலம் அப்படிச் சொல்லவே இல்லை என்று பாவிக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

உடற்பேணல் விதிகளில் மிக உயர்ந்தது உடற்பயிற்சியின் அளவு பற்றியது. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் வலுவுள்ளவர் தம் ஆற்றலில் பாதி அளவுக்குப் பயிற்சி செய்யலாம், பிற பருவங்களில் அதைவிடக் குறைக்க வேண்டும் என்கிறார் வாக்படர். அந்தப் பாதியை எப்படி அறிவது? மூச்சு வாய்வழியாக வரத் தொடங்கும் நிலையே அடையாளம் என்று சுஸ்ருதர் சொல்கிறார். கருவி வேண்டாம், ஆசான் வேண்டாம். அவரவர் உடலே அளவுகோலாகிறது. பேச முடிகிற அளவுக்கு மூச்சு வாங்கும் வேகத்தை மிதமான பயிற்சி என்று இன்றைய மருத்துவர்கள் சொல்வதற்கு இது மிக அருகில் நிற்கிறது. பருவம், ஆள், அளவு மூன்றையும் ஒரே விதியில் அடக்கிய இடம் இது.

உலர்பொடித் தேய்ப்பு நடுத்தரமானது. கொள்ளுமாவு போன்ற பொடிகளை உடலில் அழுத்தித் தேய்ப்பது தோலின் இறந்த செல்களை நீக்கும், இதமாகவும் இருக்கும். அது கொழுப்பைக் கரைக்கும் என்ற கூற்றை ஏற்க முடியாது. மூக்கில் எண்ணெய் விடும் நசியத்தைச் சரகர் வானம் தெளிந்த பருவங்களுக்கு, வசந்தம் உட்பட, விதிக்கிறார். வறண்ட மூக்குக்கு அது ஆறுதல் தரலாம் என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல இயலாது. சரகர் விதிக்கும் மூலிகைப் புகைபிடித்தலும் கண்ணுக்கு இடும் அஞ்சனமும் இன்றைக்குக் கைவிட வேண்டியவை. எந்த மூலிகையின் புகையானாலும் நுரையீரலுக்குப் புகைதான். சந்தையில் விற்கும் சுர்மா வகைகளில் ஈயம் பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது.

வமனம் தனிக் கவனம் கோருவது. வசந்த ஒழுக்கத்தின் முதல் விதி அதுதான். சைத்திர மாதத்தில் குளிர்காலத் தோஷத்தை வெளியேற்றச் சொல்கிறார் சரகர். மருக்காரைக் காய், அதிமதுரம், உப்பு முதலியவற்றால் வாந்தியை உண்டாக்கும் இச்சிகிச்சைக்கு நூல்கள் வகுத்திருக்கும் முன்னேற்பாடு வியக்கத்தக்கது. சில நாள்கள் நெய் அருந்திப் பக்குவப்பட வேண்டும். முடிந்தபின் கஞ்சித் தெளிவிலிருந்து படிப்படியாக வழக்கமான உணவுக்குத் திரும்ப வேண்டும். கருவுற்றவர், முதியவர், குழந்தைகள், இதய நோயாளிகள் என விலக்கப்பட்டோரின் பட்டியல் நீளமானது. அளவு மீறினால் இரத்தம் வரும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. முறைமை என்று பார்த்தால் இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட பகுதிகள் இந்நூல்களில் குறைவு. ஆனால் நோயில்லாத ஒருவர் பருவம் மாறிவிட்டது என்பதற்காக மட்டும் இதைச் செய்துகொள்வதன் பயன் நிறுவப்படவில்லை. ஆபத்துகளோ நிறுவப்பட்டவை. கடும் வாந்தியால் பொட்டாசியம் குறையலாம், உணவுக்குழாயின் உட்படலம் கிழியலாம். மகாராஷ்டிரத்தில் வசந்தகால வமன முகாம்கள் பரவலாக நடக்கின்றன. ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்தபின் தொடங்க வேண்டியதை முகாமாக நடத்துவது மூலநூலின் எச்சரிக்கைக்கே எதிரானது.

இவை எல்லாவற்றிலும் சிறந்த விதி எதுவென்று கேட்டால் ருது சந்தியைச் சுட்டுவேன். ஒரு பருவத்தின் கடைசி 7 நாள்களும் அடுத்த பருவத்தின் முதல் 7 நாள்களும் சேர்ந்த 14 நாள்கள் சந்திக்காலம். அந்நாள்களில் பழைய பருவத்தின் ஒழுக்கத்தைச் சிறிது சிறிதாக விட்டு, புதியதைச் சிறிது சிறிதாக ஏற்க வேண்டும். திடீரென்று விட்டாலும் திடீரென்று ஏற்றாலும் ஒவ்வாமையால் நோய்கள் வரும் என்கிறார் வாக்படர். கோட்பாட்டின் எந்தப் பகுதி விழுந்தாலும் இது விழாது. உணவு மாற்றத்தைப் படிப்படியாகச் செய்வது நல்லது என்பதற்குக் கபமும் வேண்டாம், பித்தமும் வேண்டாம். வசந்தகாலச் சுத்திகரிப்பு என்று விற்கப்படும் 3 நாள், 7 நாள் திட்டங்களில் பல இந்த விதியை நேரடியாக மீறுகின்றன. வெள்ளிக்கிழமை வரை வழக்கமான உணவு, சனிக்கிழமை முதல் வெறும் கிச்சடி என்ற பாய்ச்சலைத்தான் வாக்படர் தடுத்தார்.

கிச்சடியையே எடுத்துக்கொள்வோம். மேலை நாடுகளில் வசந்தச் சுத்திகரிப்பின் தலையாய உணவாக அது ஆக்கப்பட்டிருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் பாவபிரகாசம் என்ற நூல், அரிசியும் பருப்பும் உப்பு, இஞ்சி, பெருங்காயத்தோடு வேகும் கிருசரை என்ற பழைய கிச்சடியைப் பற்றிச் சொல்வது தெளிவானது. அது வலுத் தரும், ஆனால் கனமானது, எளிதில் செரிக்காதது, பித்தத்தையும் கபத்தையும் கூட்டுவது. வசந்தத்தில் விலக்க வேண்டிய குணங்கள் இவை. இலேசான உணவு என்று நூல்கள் சொல்வது நீர்த்த கஞ்சியும் பயற்றஞ்சாறும். வசந்தச் சுத்திகரிப்புப் பட்டியலில் பச்சைக் காய்கறிச் சாறுகளையும் சேர்ப்போர் உண்டு. மூக்கில் உப்புநீர் விடும் ஜலநேதியையும் சேர்ப்பார்கள். அது ஹடயோகத்திலிருந்து வந்தது, ருதுசரியையின் பகுதியே இல்லை. அமெரிக்காவின் லூயிசியானாவில் 2011-இல் குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தின்னும் அமீபாவால் இறந்தனர். கொதிக்கவைத்து ஆற்றிய நீரோ கிருமிநீக்கிய நீரோ அல்லாது வேறு நீரை மூக்கில் விடக் கூடாது என்ற எச்சரிக்கை இல்லாமல் நேதியைப் பரிந்துரைக்கும் நூல், நூல் என்ற தகுதிக்கு உரியதன்று.

இனி நிலமும் நாட்காட்டியும். சுஸ்ருதரின் இரட்டை வகுப்பில் ஒன்று சிசிரத்தைக் கொண்டது. மற்றொன்று அதை நீக்கி, மழைக்கு முந்திய பிராவிருட்டைச் சேர்த்துக்கொண்டது. உரையாசிரியர்கள் காசியபர் பெயரால் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்கள். கங்கைக்குத் தெற்கே மழை மிகுதி, ஆகவே அங்கே மழைப் பருவங்கள் இரண்டு. வடக்கே இமயத்தின் குளிர் மிகுதி, ஆகவே அங்கே குளிர்ப் பருவங்கள் இரண்டு. பருவங்களின் எண்ணிக்கையும் வரிசையும் நிலத்தால் முடிவாகின்றன என்பதை மரபே ஒப்புக்கொண்ட இடம் இது. இதைவிடத் தெளிவான சுயவிமர்சனத்தை ஒரு பழைய மருத்துவ மரபிடம் எதிர்பார்க்க முடியாது. சிந்து நாட்டில் பிறந்ததாகத் தம்மைப் பற்றி எழுதிய வாக்படரின் நூலை வாழ்வாகக் கொண்ட கேரளம், ஆண்டின் பெரும் உடற்பேணலை வசந்தத்தில் வைக்கவில்லை. மழை கொட்டும் கர்க்கடக மாதத்தில், எண்ணெய்ச் சிகிச்சையும் மருந்துக் கஞ்சியுமாக வைத்துக்கொண்டது. நூலை மதித்தவர்கள் தங்கள் வானத்தையும் மதித்தார்கள்.

மாதப் பெயர்களை நம்புவோர் மற்றொரு பிழையும் செய்கிறார்கள். நூல்களின் வசந்தம் சந்திரமானச் சைத்திரமும் வைசாகமும். சைத்திரம் யுகாதியன்று, மார்ச் பிற்பாதிக்கும் ஏப்ரல் முற்பாதிக்கும் இடையில் தொடங்கும். அதைத் தமிழ்ச் சித்திரை, வைகாசி என்று வைத்துக்கொண்டால் ஜூன் நடுப்பகுதி வரை வசந்தம் நீண்டுவிடும். போதாக்குறைக்கு, சம இரவு நாளின் நகர்வால் நம் நாட்காட்டி வாக்படரின் காலத்திலிருந்து ஏறக்குறைய மூன்று வாரம் சூரியப் பருவங்களை விட்டு விலகியிருக்கிறது. அக்கினி நட்சத்திர வெயிலில் சென்னையிலும் வேலூரிலும் இருப்பவர் வசந்த விதிப்படி காரமும் துவர்ப்பும் மிகுத்து, உலர்ந்த உணவு உண்டு, பயிற்சியைக் கூட்டினால் அது மூலநூலுக்கே விரோதம். அந்த வெயிலுக்கு உரியது கிரீஷ்ம ஒழுக்கம். இனிப்பு, குளிர்ச்சி, நீர்ப்பொருள், ஓய்வு என்பவையே அதன் விதிகள். ராமநவமிக்கு நீர்மோரும் பானகமும் வழங்கும் நம் வழக்கம் அந்த விதியோடு ஒத்துப்போகிறது. சித்த மருத்துவர் தேரையரின் நோயணுகா விதியோ பருவப் பெயரையே தொடாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வமனம், நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம் என்று கால இடைவெளியால் கணக்கிடுகிறது. அதன் மருத்துவப் பயன் தனியே நிறுவப்பட வேண்டியது. இரவல் நாட்காட்டியில் சிக்காமல் இருப்பது அதன் தகுதி.

ஆகவே தீர்ப்பு இது. வாதத்தில் சரகர் முதல்வர். அமைப்பிலும் சொல்லின் துல்லியத்திலும் வாக்படர். எல்லையை உணர்ந்ததில் சுஸ்ருதர். சந்திக்கால விதி, பாதி ஆற்றல் பயிற்சி, ஆறு சுவையையும் விடாமல் கசப்பைக் கூட்டுதல், பார்லி, வரகு, பயறு, பகலுறக்கம் தவிர்த்தல் ஆகியவை நிற்கின்றன. நலமாக இருப்பவர்க்கு வமனம், புகை, அஞ்சனம், சூடான தேன்நீர், கிச்சடிச் சுத்திகரிப்பு ஆகியவை நிற்கவில்லை. தமிழில் இனி பருவ ஒழுக்கம் எழுத முற்படும் வைத்தியர்கள் மாதப் பெயரை விட்டுவிட்டு, தங்கள் ஊரின் வெப்பத்தையும் மழையையும் அங்கே எந்த மாதத்தில் எந்த நோய் மிகுகிறது என்பதையும் பதிவு செய்து, அதிலிருந்து தொடங்க வேண்டும். மூலத்திலிருந்து எதை ஏற்றார்கள், எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அப்படிச் செய்யாத நூலை வாசகர்கள் ஏற்க வேண்டியதில்லை.